பண்டைய எகிப்து பாணிச் செருப்பை இன்றைய காலுக்குச் செய்வது: வார் அமைப்பு, தோல், ஓலை, தங்கம்

#1 கயிற்றுமுடி

கடைகளில் "எகிப்து மாடல்" என்று விற்பதில் முக்கால்வாசி முழங்கால் வரை கயிறு சுற்றுகிற செருப்பு. மீதியில் தங்க நிறப் பட்டையும் நடுவில் ஒரு வண்டு பொம்மையும். நைல் கரையில் உண்மையாகப் போட்ட செருப்பின் கட்டமைப்பை அடிப்படையாக வைத்து, இன்றைக்கு சிமெண்ட் தரையிலும் பேருந்திலும் போட்டு நடக்கக்கூடிய தோல் செருப்பு செய்ய வேண்டும். மூன்று கேள்விகள்:

1. எது இருந்தால் அதை எகிப்து பாணி என்று சொல்லலாம்?
2. விரலிடை வார் சதையை அறுக்காமல் இருக்க, துளையை எங்கே போட வேண்டும்?
3. பக்கவாட்டுப் பட்டை பிய்ந்து வராமல் எப்படிப் பிடிக்க வைப்பது?

தையல் மெஷின் இல்லை. கைத்தையல்தான்.

#2 நீலநதி

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முழங்கால் வரை சுற்றும் கயிறு எகிப்துச் சிற்பங்களில் கிடையாது. அதைப் பார்த்தால் மேடை நாடகத்து ரோமானியர்தான் நினைவுக்கு வருகிறார். எகிப்துச் செருப்பு மூன்று இடத்தில் மட்டும் காலைப் பிடிக்கும்: பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒன்று, பாதத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று. பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் புறங்காலின் மேல் ஒரு பட்டை போகும். விரலிடையிலிருந்து ஏறி வரும் முன்வார் அந்தப் பட்டையைச் சுற்றி ஒரு வளையமாகப் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் குதிகாலுக்குப் பின்னால் சுற்றும் வாரும் உண்டு. அமைப்பு இவ்வளவுதான்.

இது மிகப் பழையது. தென் எகிப்தின் ஹைராகோன்பொலிஸில் கிடைத்த, சுமார் கி.மு. 3100ஐச் சேர்ந்த நார்மர் கற்பலகையில் மன்னர் வெறுங்காலோடு நிற்கிறார். பின்னால் நிற்கும் பணியாளர் ஒரு கையில் மன்னரின் செருப்பையும் மறு கையில் குடுவையையும் பிடித்திருக்கிறார். அபிடோஸில் கிடைத்த, 'தென்' என்ற பெயருடைய பழங்கால மன்னரின் தந்தச் சீட்டு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மன்னர் எதிரியை அடிக்கும் காட்சி, மறுபக்கம் செருப்பு ஜோடி. ஒரு ஜோடிச் செருப்போடு கட்டி வைத்த அடையாளச் சீட்டு அது.

தோல் செருப்பில் கவனிக்க வேண்டிய விஷயம் "காது". பல பண்டைய தோல் செருப்புகளில் பக்கவாட்டுப் பிடி தனியாகத் தைத்தது இல்லை. அடித்தோலை வெட்டும்போதே இரு பக்கமும் இரண்டு நாக்கு விட்டு வெட்டி, அவற்றை மேலே மடக்கி, நுனியில் கீறல் போட்டு, அதற்குள் பட்டையை இழுத்திருக்கிறார்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கு அவர்கள் கண்ட விடை இதுதான் என்று நினைக்கிறேன். தைத்த இடமே இல்லை என்றால் தையல் பிரிவதற்கு வழியில்லை.

லக்ஸர் மேற்குக் கரையில் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறையில் (தீப்ஸ் கல்லறை எண் 100, மன்னர் மூன்றாம் துட்மோஸ் காலம்) தோல் பட்டறைக் காட்சி ஒன்று உண்டு. ஒருவர் தோலை ஜாடியில் ஊற வைக்கிறார், ஒருவர் மரத்தாங்கியின் மேல் இழுத்து மென்மையாக்குகிறார், ஒருவர் குத்தூசியால் செருப்பில் துளை போடுகிறார், இன்னொருவர் துளை வழியாக வந்த வாரைப் பல்லால் கடித்து இழுக்கிறார். வேலை செய்கிறவர்கள் பொறுமையாகப் பார்க்க வேண்டிய ஓவியம்.

#3 வார்பட்டறை

நீலநதி சார் சொன்ன காது முறையிலேயே செய்யலாம். அளவோடு சொல்றேன். 260 மிமீ பாதத்தை வச்சுப் பேசுவோம், மத்த சைஸுக்கு அதே விகிதம்.

கால் வரையுறது சாயங்காலம் செய்யுங்க. காலையில வரைஞ்ச கால் சாயங்காலம் கொஞ்சம் பெருத்திருக்கும். ஆள் நின்னுக்கிட்டு, ரெண்டு கால்லயும் சமமா எடை போட்டு நிக்கணும். பென்சில் நட்டுக்குத்தலா இருக்கணும், உள்பக்கம் சாஞ்சா குழிப்பாதத்துல 5, 6 மிமீ போயிடும். வரைஞ்ச கோட்டுக்கு வெளியே முன்னால 8 மிமீ, பின்னால 5, பக்கத்துல 3 விடுங்க. அதான் சோல் கோடு. சோல் ரெண்டு தட்டு: காதோட சேர்த்து வெட்டுற தோல் மேல்தட்டு, அதுக்குக் கீழே ஒட்டுறது அடிச்சோல்.

விரலிடைத் துளை: ஒரு கெட்டி அட்டைத் துண்டைப் பெருவிரலுக்கும் ரெண்டாவது விரலுக்கும் நடுவில செருகி, சதை தொடுற வரைக்கும் தள்ளி, அந்த இடத்தைக் காகிதத்துல குறிங்க. துளையோட பின் விளிம்பு அந்தக் குறியில உக்காரணும். குறிக்குப் பின்னால போட்டீங்கன்னா குதிகால் சோலுக்கு வெளியே தொங்கும். ரொம்ப முன்னால போட்டா விரல் நுனி வெளியே வரும். துளை வட்டமா வேண்டாம். 8 மிமீ நீளக் கீறல், விரலிடைச் சந்து போற திசையிலேயே.

இப்ப காது. சதை அறுக்குதுன்னு எல்லாரும் விரலிடை வாரைத்தான் திட்டுவாங்க, காரணம் பெரும்பாலும் காதுல இருக்கும். காது ரொம்ப முன்னால இருந்தா புறங்கால் பட்டை பாதத்தோட தாழ்வான பகுதியில விழும். அங்க பிடிப்பு கிடையாது. கால் முன்னால சறுக்கி, முழு எடையும் விரலிடைச் சதையில போய் மோதும். பட்டை புறங்கால் மேடேறுற இடத்துல உக்காந்தா அதுவே காலை நிறுத்திடும், விரலிடை வார் சும்மா வழிகாட்டத்தான். 260 மிமீ பாதத்துக்கு, குதிகால் கோட்டுலேர்ந்து வெளிக்காதோட நடு 90 மிமீ, உள்காதோட நடு 100 மிமீ. ரெண்டும் நேருக்கு நேர் வேண்டாம். உள்கணு எலும்பு வெளிக்கணுவை விட முன்னால இருக்கு, காதை நேரா வச்சா உள்பக்கப் பட்டை எலும்புல உரசும்.

காதோட அளவு: அடியில 18 மிமீ அகலம், நுனியில 14, உயரம் 35. நுனியிலேர்ந்து 10 மிமீ கீழே கீறல், நீளம் 11 மிமீ, ரெண்டு முனையிலயும் 2 மிமீ வட்டத்துளை. அதுல 10 மிமீ பட்டை இழுத்தா இறுக்கமா போகும்.

முக்கியமான இடம் காது சோலை விட்டுப் பிரியுற மூலை. அங்க கூர்மையா வெட்டினா கிழிசல் அங்கேயேதான் ஆரம்பிக்கும். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி மூலை ரெண்டுலயும் 4 மிமீ பஞ்ச் போட்டுட்டு, அந்த வட்டத்துல கொண்டுவந்து வெட்டை முடிங்க. இந்த ஒரு வேலையைச் செஞ்சா காது பிய்யறது பெரும்பாலும் நின்னுடும்.

மடக்குறதுக்கு வேரைப் பஞ்சுல வெதுவெதுப்பான தண்ணி தொட்டு நனைச்சு, விரலால மேல தூக்கி, ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்துக் காயவிடுங்க. மடக்குறது சுலபமா இருக்கட்டும்னு வேர்ல தோலைச் சீவவே கூடாது, பலமெல்லாம் அங்கதான். காது மடங்கினதும் தோலோட தடிமன் வெளிப்பக்கம் தள்ளி நிக்கும். அதனால அடிச்சோலை அந்த ரெண்டு இடத்துலயும் 3, 4 மிமீ கூடுதலா விட்டு ஒட்டி, காஞ்சப்புறம் உப்புத்தாள்ல சமன் பண்ணுங்க.

புறங்கால் பட்டையோட முனையைக் காதுக் கீறல்ல வெளியேயிருந்து உள்ளே விட்டு, திருப்பி, பட்டையிலேயே போட்ட ஒரு கீறலுக்குள்ள இழுத்தா தானா பூட்டிக்கும். பக்கிளும் வேண்டாம், ரிவெட்டும் வேண்டாம். 8 மிமீ இடைவெளியில ரெண்டு கீறல் போட்டு வச்சா பட்டை தளர்ந்தப்புறம் இறுக்கிக்கலாம்.

முன்வார் புறங்கால் பட்டையைச் சுற்றுற இடத்துல ரெண்டையும் சேர்த்துத் தச்சிடாதீங்க. வளையம் பட்டைமேல நகரணும். ஒவ்வொரு அடிக்கும் 2, 3 மிமீ அது தானா நகர்ந்து நடுவுக்கு வரும். வளையத்தை மூடுற தையல் முன்வாரோட மட்டும் இருக்கட்டும்.

#4 கயிற்றுமுடி

காது விட்டு வெட்டினால் தோல் நிறைய வீணாகாதா? அப்புறம், முன்வாரைச் சோலுக்கு அடியில் முடிச்சுப் போட்டு நிறுத்துவதா?

#5 வார்பட்டறை

வீணாகும், மறைக்கிறதுக்கில்ல. காதோட சேர்த்து ஒரு துண்டு 275க்கு 165 மிமீ செவ்வகம் கேக்கும். ஒரு ஜோடிக்கு மேல்தட்டுத் தோல் மட்டும் 1.2 சதுர அடி போட்டுக்கோங்க. காது இல்லாம 0.7 போதும். நடுவுல விழுற துண்டுல முன்வாரும் சின்னப் பட்டையும் எடுக்கலாம்.

அந்தச் செலவு கட்டுப்படி ஆகலைன்னா தனிக் காது போடலாம். சோல் விளிம்புலேர்ந்து 10 மிமீ உள்ளே 18 மிமீ கீறல், காதோட வால் 30 மிமீ விட்டு, நுனியை 1 மிமீக்குச் சீவி, ரெண்டு தட்டுக்கும் நடுவில ஒட்டி, மூணு பக்கமும் தைக்கணும். வாலைச் சீவாம ஒட்டினா பாதத்துக்கு அடியில ஒரு மேடு தட்டும். கீறல் விளிம்புக்கு 6 மிமீ கிட்ட போனா சோலே கிழியும்.

முடிச்சு பத்தி: அவங்க அடியில முடிச்சுப் போட்டாங்க, அவங்க நடந்தது மணல்ல. தார் ரோட்டுல முடிச்சு சீக்கிரமே தேஞ்சு அறுந்துடும். முன்வாரோட அடி வாலை ரெண்டாப் பிளந்து, முன்னும் பின்னுமா 20 மிமீ விரிச்சு, மேல்தட்டோட அடிப்பக்கம் 1.5 மிமீ ஆழத்துக்குப் பள்ளம் சீவி, அதுக்குள்ள படுக்க வச்சு ஒட்டித் தைங்க. அதுமேல அடிச்சோல் வந்துடும்.

முன்வாருக்குத் தடிச்ச தோல் வேண்டாம். 1 மிமீ ஆட்டுத்தோல் 16 மிமீ அகலத்துல எடுத்து, நடுவுல 6 மிமீ பாலியஸ்டர் நாடா வச்சு, ரெண்டு ஓரத்தையும் உள்ளே மடிச்சு ஒட்டினா 7 மிமீ வார் கிடைக்கும். மடிப்பு பக்கத்துல வர்றதால விரலிடையில படுற விளிம்பு உருண்டையா இருக்கும். வெட்டு விளிம்பு சதையில பட்டா அரை மணி நேரத்துல கொப்புளம்.

#6 ராணிப்பேட்டை_தோல்

தோலைப் பற்றி. மேல்தட்டும் காதும் ஒரே துண்டு என்பதால் அங்கே எருமைத் தோல், தாவரப் பதனீடு, 3 முதல் 3.5 மிமீ எடுங்கள். முதுகுப் பகுதிதான். வயிற்றுப் பகுதித் தோல் தளதளவென்று இழுபடும், அதில் காது வெட்டினால் ஒரே மாதத்தில் நீண்டுவிடும். நம் பக்கத்து இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் (ஆவாரம் பட்டை அல்லது வாட்டில் மரப்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடிப்பது) அருமையான தோல்தான், ஆனால் பெரும்பாலும் மெல்லியது. பாதம் படும் உறைக்கும் முன்வாருக்கும் அது பொருந்தும், சோலுக்குத் தாங்காது.

குரோம் தோல் (குரோமியம் உப்பில் பதனிட்டது) வேண்டவே வேண்டாம். நனைத்து மடக்கினால் அந்த வடிவில் நிற்காது, காயக் காய விரிந்துவிடும். விளிம்பைத் தேய்த்தால் பளபளப்பும் வராது.

புறங்கால் பட்டை 2.5 மிமீ. வெட்டுவதற்கு முன் நீளவாக்கில் ஒரு துண்டை நனைத்து, அடியில் 5 கிலோ எடை கட்டி ஒரு இரவு தொங்க விடுங்கள். அதற்கப்புறம் பட்டையாகக் கிழியுங்கள். இழுபட வேண்டியது முன்பே இழுபட்டுவிடும். இல்லாவிட்டால் வாங்கினவர் இரண்டாவது வாரம் செருப்பைத் திருப்பிக் கொண்டு வருவார்.

இரும்பு ஆணி, இரும்பு ரிவெட், துருப்பிடித்த கிளிப் எதுவும் ஈரமான தாவரப் பதனீட்டுத் தோலில் படக் கூடாது. தோலில் இருக்கும் டானினும் (பட்டையிலிருந்து ஏறிய துவர்ப்புப் பொருள்) இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி கறுப்பு விழும், அது ஊடுருவிப் போகும், கழுவினால் போகாது. நனைத்து மடக்கும்போது மரக் கிளிப் அல்லது பித்தளை. தண்ணீரும் 45 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். ஈரத்தோடு 70 டிகிரி தாண்டினால் இந்தத் தோல் சுருங்கிக் கடினமாகிவிடும், திரும்ப வராது.

வரலாற்றுப் பக்கம் ஒரு சேதி. பாரோ காலத்து எகிப்துத் தோல் பெரும்பாலும் எண்ணெய், கொழுப்பு ஏற்றி மென்மையாக்கியது. மரப்பட்டை, காய்களில் பதனிடுவது அங்கே பரவலானது கிரேக்க, ரோமானியர் காலத்தில்தான். அதனால்தான் பழைய தோலில் தண்ணீர் பட்டால் கூழாகிவிடுகிறது. அருங்காட்சியகங்களில் அதைத் தொடவே பயப்படுகிறார்கள். நாம் அந்தப் பதனீட்டைப் பின்பற்ற வேண்டியதில்லை, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

#7 ஓலைக்காரி

தோலையே பேசிக்கிட்டு இருக்கீங்களே, அங்கே பெருவாரியான ஜனங்க போட்டது நார்ச் செருப்பு. பேரீச்ச ஓலையில பின்னினது ஒரு வகை. ரொம்ப நேர்த்தியானது "தைத்த" வகை. ஹல்ஃபா புல்லைச் சின்னச் சின்னக் கட்டா எடுத்து, பாதத்துக்குக் குறுக்கே வரிசையா அடுக்கி, ஒவ்வொரு கட்டையும் தூம் பனை ஓலைக் கீற்றால சுத்திச் சுத்தி, பக்கத்துக் கட்டோட சேர்த்துத் தச்சுக்கிட்டே போவாங்க. ஓரத்துல பெரும்பாலும் மூணு வரி நீளவாக்குல ஓடும். அந்த ஓரம்தான் செருப்புக்கு விறைப்பு.

தூம் பனையும் நம்ம பனையும் ஒரே குலத்துச் சொந்தம்தான், ஓலையும் அதே மாதிரி கிழிபடும். அதனால பனங்குருத்தோலையில செய்யலாம். ஈர்க்கை எடுத்துட்டு 4 மிமீ கீற்றாக் கிழிச்சு, நிழல்ல காய வச்சு, தைக்கிறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் தண்ணியில போட்டு, ஈரத்துணியில சுத்தி வச்சுக்கணும். காஞ்ச ஓலையில தச்சா ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒடியும். சொட்டச் சொட்ட ஈரத்தோட தச்சா காஞ்சப்புறம் கீற்று சுருங்கி, கட்டெல்லாம் லொடலொடன்னு ஆடும். விரல்ல சுத்தினா ஒடியாம, பிழிஞ்சா தண்ணி வராம இருக்கிறதுதான் பதம்.

உள்கட்டுக்கு ஹல்ஃபான்னு சொல்றது நம்ம தர்ப்பையேதான், அதே புல். அதைக் காலுக்கு அடியில போட நம்ம ஊர்ல மனசு வராது, போடவும் வேண்டாம். பத்தமடைப் பாய்க்கு எடுக்கிற கோரை போதும். 5 மிமீ தடிமன் கட்டு, பாதத்துக்கு 47, 48 கட்டு வரும். நாலஞ்சு கோரை சேர்த்து ஒரு கட்டு. தடிமன் ஏறி இறங்கினா சோல் அலையடிக்கும், அதனால துளை போட்ட ஒரு தகரத்துல கட்டை விட்டுப் பார்த்துச் சரி பண்ணிக்கங்க.

தனியா ஓலைச் சோலை ரோட்டுல போட முடியாது, மழையில ஊறும், சாணி ஒட்டும். வீட்டுக்குள்ள போடலாம். வெளியே போடணும்னா ஓலைத் தட்டை மேலே வச்சு, கீழே 3 மிமீ தோலோ ரப்பரோ கொடுத்து, ஓரத்துல மட்டும் தைங்க. நடுவுல பசை போட்டா ஓலைக்கு மூச்சு போய், வேர்வையில பூசணம் பிடிக்கும்.

#8 நீலநதி

ஓலைக்காரி அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய அட்டவணைகளில் நார்ச் செருப்பு எதைப் பார்த்தாலும் "பாப்பிரஸ்" என்று எழுதிவிட்டார்கள். ஆந்த்ரே வெல்ட்மெயர் போன்ற காலணி ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த பிறகுதான் புல்லும் தூம் ஓலையும் என்பது தெளிவாயிற்று. பாப்பிரஸ் செருப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. பூசாரிகள் பாப்பிரஸ் செருப்பு மட்டும் அணிவார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். சொல்லப்போனால் பாப்பிரஸும் கோரைக் குடும்பம்தான், அதே சைப்பரஸ் பேரினம்.

ஓலைச் செருப்பு ஏழைகளுடையது என்றும் நினைக்க வேண்டாம். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் தைத்த நார்ச் செருப்புகள் நிறையவே இருந்தன. மம்மியின் காலில் இருந்த தங்கச் செருப்பை உற்றுப் பார்த்தால், குறுக்குக் கட்டுகளும் ஓர வரிகளும் தங்கத் தகட்டில் கோடாகக் கீறப்பட்டிருக்கும். தங்கத்தில் செய்தபோதும் ஓலைத் தையலைத்தான் காட்டியிருக்கிறார்கள். எகிப்து பாணி என்ற பெயருக்கு வழவழப்பான தங்கப் பட்டையை விட இந்த வரி வடிவம் எத்தனையோ மடங்கு பொருத்தம். தோலின் மேல்தட்டை நனைத்து, மழுங்கிய எலும்புக் கருவியால் 5 மிமீ இடைவெளியில் குறுக்குக் கோடும் ஓரத்தில் மூன்று நீளக் கோடும் அழுத்தினாலே அந்தத் தோற்றம் வந்துவிடும்.

#9 பொன்வரி

வாடிக்கையாளர்கள் இன்சோலில் அங்க் சின்னம், ஹோரஸ் கண் எல்லாம் அச்சடித்துக் கேட்கிறார்கள். லேசரில் சுலபம். பண்டைய செருப்பிலும் இன்சோலில் படம் உண்டுதானே? அப்புறம் தங்கம் எப்படிச் செய்வது நிலைக்கும்?

#10 நீலநதி

படம் உண்டு. எந்தப் படம் என்பதுதான் விஷயம். துட்டன்காமனின் மரச் செருப்பு ஒன்றில், மரப்பட்டையும் தோலும் பொற்தகடும் பதித்து, கட்டப்பட்ட இரண்டு கைதிகளைச் சித்தரித்திருக்கிறார்கள். ஒருவர் நூபியர், ஒருவர் ஆசியர். மேலும் கீழும் விற்கள், எகிப்தின் எதிரிகளைக் குறிக்கும் "ஒன்பது வில்". மன்னர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் எதிரியை மிதிக்க வேண்டும் என்பது கணக்கு.

ஆக, இப்படிப்பட்ட அரச செருப்பில் பாதம் படும் இடத்தில் மனிதர்களை வரைந்தால் அது மிதிபட வேண்டியவர்களின் படம். அங்கே உயிரின் சின்னமான அங்க்கையும் தெய்வத்தின் கண்ணையும் போடுவது அந்த நோக்கத்துக்கே நேர் எதிர். கைதிகளின் படத்தையும் தயவுசெய்து நகல் எடுக்காதீர்கள். இன்று வாழும் மக்களின் மூதாதையரைக் கட்டிப்போட்டு மிதிக்கும் படம் அது, அழகு வேலைப்பாடு என்று விற்கக் கூடாது. வாடிக்கையாளர் கேட்டால் தாமரைத் தண்டும் பாப்பிரஸ் தண்டும் போடுங்கள், அதே செருப்பில் அவையும் இருக்கின்றன. அங்க் கேட்டே தீருவேன் என்றால் பட்டையின் மேல், புறங்காலில் போடலாம்.

#11 ராணிப்பேட்டை_தோல்

தங்கம் பற்றி: கல்லறையில் கிடைத்த தங்கச் செருப்புகள் நடக்கச் செய்தவை இல்லை. மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் மூன்றாம் துட்மோஸின் அயல்நாட்டு மனைவியருடையவை இருக்கின்றன, கூடவே விரல்களுக்குத் தங்க உறையும். எல்லாம் மெல்லிய தகடு, சவ அலங்காரம். தோலில் தங்க ரேக்கு ஒட்டினால் நடக்கும்போது மடியும் வரியில் முதல் நாளே வெடிக்கும்.

ஃபாயில் ஒட்டிய தோல் வாங்குங்கள். வாங்கும் முன், ஒரு மூலையை நாலாக மடித்து நகத்தால் அழுத்தி விரித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் வேண்டாம். பிறகு நனைத்த வெள்ளைத் துணியால் இருபது தடவை தேயுங்கள், துணியில் மஞ்சள் ஏறினால் அது வேர்வையிலும் ஏறும். தேறினாலும் அதைப் புறங்கால் பட்டைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். விரலிடை வாருக்கும் காதுக்கும் ஆகாது. ஒன்று சதையில் உரசும், மற்றது இழுபடும். காதுக் கீறலுக்குள் போகும் வால் பகுதியில் சாதாரணத் தோலை ஒட்டு வைத்து, ஃபாயில் கீறலுக்கு 15 மிமீ முன்பே முடியட்டும்.

பித்தளைப் பொட்டு வைத்தால் வேர்வையில் பச்சை களிம்பு பிடிக்கும். பின்பக்கம் தோல் உறை இல்லாமல் காலில் படும்படி வைக்காதீர்கள்.

#12 பாதநலம்

ஒரு எச்சரிக்கை மட்டும். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கு விரலிடை வார் உள்ள எந்தச் செருப்பும் செய்து கொடுக்காதீர்கள், எவ்வளவு மென்மையாக இருந்தாலும் சரி. உரசல் வலிக்காது, புண் வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு எம்சிஆர் (நுண்துளை ரப்பர்) இன்சோல், அகலப் பட்டை, பின்வார் உள்ள செருப்புதான். அளவெடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆரோக்கியமான காலுக்கும், பின்வார் இல்லாத செருப்பில் விரல்கள் செருப்பைப் பற்றிக்கொண்டே நடக்கும். நெடுநேரம் நடப்பவர் என்றால் எகிப்திய அமைப்பிலேயே இருந்த பின்வாரைச் சேர்த்துக் கொடுப்பது நல்லது. காதுக் கீறலிலிருந்தே கிளம்பி, குதிகால் எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். கீழே இறங்கினால் நழுவும், மேலே ஏறினால் குதிநாணை உரசும்.

#13 கயிற்றுமுடி

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. நுனி மேலே சுருண்ட மாடல் செய்ய முடியுமா? அடிச்சோல் எதில்?

#14 வார்பட்டறை

சுருள் நுனி புதிய அரசுக் காலத்து (சுமார் கி.மு. 1550–1070) ஓவியங்கள்ல வருது. செய்யலாம், தடுக்கி விழாத மாதிரி செய்யணும். மேல்தட்டை மட்டும் விரல் நுனிக்கு முன்னால 45 மிமீ நீட்டி, முக்கோணமா குறுக்கி, நுனியில 6 மிமீ அகலம் வர்ற மாதிரி வெட்டுங்க. அடிச்சோல் நீள வேண்டாம், விரல் நுனியைத் தாண்டி 8 மிமீயோட நிறுத்திடுங்க. நீட்டின பகுதியோட அடிப்பக்கத்தை 3 மிமீலேர்ந்து நுனியில 1.5 வரைக்கும் படிப்படியா சீவிட்டு, தண்ணியில முக்கி, குமிழி வர்றது நின்னதும் எடுத்து, பாலிதீன் பையில ஒரு ராத்திரி வைங்க. காலையில 25 மிமீ விட்டமுள்ள மரக்கட்டையைச் சுத்திச் சுருட்டி, துணி நாடாவால கட்டி, நிழல்ல ரெண்டு நாள். வெயில்ல வச்சா வெளிப்புறம் வெடிக்கும்.

சுருள் எழும்புற இடம் விரல் நுனிலேர்ந்து 10 மிமீக்குள்ள ஆரம்பிக்கணும். தட்டையா நீண்டு போய் அப்புறம் எழும்பினா படியில மாட்டும். மாடிப்படி, பேருந்து புழக்கம் உள்ளவங்களுக்கு முழுச் சுருள் வேண்டாம், நுனியை 12 மிமீ தூக்கி விட்டாலே பக்கத்துலேர்ந்து பாக்கும்போது அந்தச் சாயல் கிடைச்சுடும்.

அடிச்சோல்: வெறும் தோல் டைல்ஸ்லயும் கிரானைட்லயும் வழுக்கும். 4 மிமீ ரப்பர் ஷீட் போடுங்க. ரெண்டு பக்கத்தையும் 40 நம்பர் உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைச்சு, நியோப்ரீன் பசையை ரெண்டுலயும் மெல்லிசா தடவி, 10லேர்ந்து 15 நிமிஷம் விடுங்க. விரல் வச்சா ஒட்டாம இருக்கணும், அப்பத்தான் சேர்க்கணும். ஈரமா சேர்த்தா உள்ளே கரைப்பான் மாட்டிக்கிட்டு ஓரத்துலேர்ந்து பிரியும். சேர்க்கும்போது குதிகால்லேர்ந்து முன்னால கொண்டு போங்க, நடுவில காத்து நிக்காது. சுத்தியால நடுவிலேர்ந்து ஓரத்துக்குத் தட்டிட்டு வாங்க. ஈவிஏ (நுரை) ஷீட்டுன்னா இந்தப் பசை சில சமயம் நிக்காது, பியூ (பாலியூரித்தேன்) பசையைத் தடவிக் காயவிட்டு, 60, 70 டிகிரி சூடு காட்டி ஒட்டுறது நல்லது. அந்தச் சூடு காதோட வேர்ல படாம பாத்துக்கோங்க, மடக்கி வச்சதுல ஈரம் பாக்கி இருந்தா ராணிப்பேட்டை அண்ணன் சொன்ன மாதிரி அங்கேயே சுருங்கும்.

தையல் விளிம்புலேர்ந்து 4 மிமீ உள்ளே, 5 மிமீக்கு ஒண்ணு, மெழுகு பூசின 1 மிமீ பாலியஸ்டர் நூல், ரெட்டை ஊசி. கீழே ரப்பர்ல 1.5 மிமீ ஆழத்துக்குக் கோடு சீவி, நூல் அதுக்குள்ள புதையணும். காது வேருக்கு முன்னும் பின்னும் மூணு மூணு தையல் மட்டும் ரெட்டையா போடுங்க, இழுவை முழுக்க அங்கதான் வரும். முடிச்சதும் ஒரு நாள் முழுக்க மேல எடை வச்சு விட்டுட்டு, அப்புறமா பட்டையைக் கீறல்ல கோத்து, கால்ல போட்டுப் பாத்து, கடைசிக் கீறலைப் போடுங்க. அதை முன்கூட்டியே அளந்து போட்டா சரியா வராது.